நேட்டிவ் டாக்டர் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் வரை: பணியிலிருந்தோரின் உயர்படிப்பும் பதவிப்பெயர்களின் வரலாறும்

மருத்துவப் பட்டம் இல்லாத, ஆனால் பணிக்காலம் முழுவதையும் நோயாளியின் அருகிலேயே கழிக்கும் ஒருவருக்கு உயர்நிலைச் சிகிச்சைப் பயிற்சி அளிக்கலாமா? இந்திய நர்சிங் கவுன்சில் 2016-17 கல்வியாண்டை ஒட்டித் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை அறிமுகப்படுத்தியபோது இக்கேள்வி புதிதாகப் பிறந்ததுபோல விவாதிக்கப்பட்டது. உண்மையில் அதற்கு ஏறத்தாழ இருநூறு வயது. கம்பெனி ஆட்சிக் காலத்திலிருந்து அது திரும்பத் திரும்ப எழுந்துவந்திருக்கிறது. பயிற்சி அளிப்பதில் பெருந்தடை இருந்ததாகத் தெரியவில்லை. பயிற்சி முடித்தவரை எப்பெயரால் அழைப்பது, அப்பெயர் அவருக்கு எதைச் செய்ய உரிமை தருகிறது என்பதில்தான் ஒவ்வொரு தலைமுறையும் முட்டி நின்றது. ஆகவே இவ்வரலாற்றைப் பாடத்திட்டங்களின் வழியே படிப்பதினும் பதவிப்பெயர்களின் வழியே படிப்பது கூடுதல் தெளிவு தரும்.

1822-ல் கல்கத்தாவில் நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிடியூஷன் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய அறுவை மருத்துவர்களின் கீழ் படைப்பிரிவுகளிலும் சிறைகளிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் பணியாற்ற இந்தியரைப் பயிற்றுவிப்பது அதன் நோக்கம். முதலில் இருபது மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். பாடம் இந்துஸ்தானியில் நடந்தது. கண்காணிப்பாளராக இருந்த பீட்டர் பிரெட்டன், உடலுறுப்புகளின் பெயர்களையும் மருத்துவக் கலைச்சொற்களையும் ஆங்கிலம், அரபு, பாரசீகம், இந்தி, சமற்கிருதம் ஆகிய ஐந்து மொழிகளில் நிரல்படுத்தி 1825-ல் ஒரு சொற்றொகுதி வெளியிட்டார். பயிற்சி எவ்வளவு சுருக்கமானதாயினும் அதற்கென்று ஒரு சொல்வளம் உருவாக்கப்பட வேண்டும் என்ற உணர்வு அன்று இருந்தது என்பதற்கு அந்நூலே சான்று. அங்குப் பயின்று வெளியேறியவருக்கு அளிக்கப்பட்ட பெயர் 'நேட்டிவ் டாக்டர்'.

இப்பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 'டாக்டர்' என்ற சொல் அன்று இத்தனை எளிதாகக் கொடுக்கப்பட்டதற்குக் காரணம், கம்பெனியின் மருத்துவத் துறையில் அதிகாரம் அச்சொல்லில் இல்லை என்பதே. அதிகாரம் 'சர்ஜன்' என்ற சொல்லில் இருந்தது. சர்ஜனும் அசிஸ்டன்ட் சர்ஜனும் ஆணை பெற்ற அதிகாரிகள். நேட்டிவ் டாக்டர் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட பணியாள். 1835-ல் பெண்டிங்க் பிரபு அந்தப் பள்ளியை மூடி, ஆங்கிலவழிக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியைத் திறந்தபோது, கல்லூரியில் தேறியவர்க்கு 'சப்-அசிஸ்டன்ட் சர்ஜன்' என்ற பெயர் சூட்டப்பட்டது. முன்னொட்டுகள் இரண்டு சேர்ந்து தாழ்த்தினாலும் இறுதியில் நிற்பது 'சர்ஜன்'. முன்னொட்டு ஒன்றே பெற்று 'டாக்டர்' என்று முடிந்த பெயரினும் அது பல படி உயர்ந்தது. பெயரின் பொருள் அகராதியில் இல்லை, ஊதியப் பட்டியலில் இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

தாய்மொழிவழிப் பள்ளியை மூடியது ஆங்கிலக் கல்வியின் வெற்றியாகப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அவற்றில் பெரிதும் விடுபடுவது, நான்கே ஆண்டுகளில், 1839-ல், அதே மருத்துவக் கல்லூரிக்குள் இந்துஸ்தானி வகுப்பு ஒன்று மீண்டும் திறக்கப்பட்டது என்ற செய்தி. படைப்பிரிவுகளுக்கு நேட்டிவ் டாக்டர்கள் தேவைப்பட்டனர். 1852-ல் வங்காளி வகுப்பும் சேர்ந்தது. மேற்படிப்பு பெற்றோர் சிலரைக் கொண்டு ஒரு பேரரசின் மருத்துவமனைகளை நடத்த இயலாது என்பதை நிருவாகம் உணர்ந்திருந்தது. அவ்வுணர்வை ஏட்டில் ஒப்புக்கொள்ளத்தான் தயங்கியது.

சென்னையிலும் இதே நிலைதான். 1835-ல் தொடங்கிய மதராஸ் மருத்துவப் பள்ளி அப்போதிக்கரிகளையும் டிரஸ்ஸர்களையும் உருவாக்கவே முதலில் அமைந்தது. அப்போதிக்கரிகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய, யூரேசிய வழியினர், டிரஸ்ஸர்கள் இந்தியர். கல்வி ஒரே கூரையின் கீழ் நடந்தாலும் பெயர் இனத்தால் பிரிந்தது. இச்சொற்கள் தமிழில் குடியேறிப் பல காலம் நிலைத்தன. கம்பவுண்டர் என்ற சொல் மருந்து கலப்பவரைக் குறித்துத் தொடங்கி, சிற்றூர்களில் ஊசி போடுபவர், காயம் கட்டுபவர், காய்ச்சலுக்கு மருந்து தருபவர் எனப் பொருள் விரிந்தது. மக்கள் பேச்சு, செய்யும் வேலையைக் கொண்டு பெயருக்குப் பொருள் ஏற்றுகிறது; அரசுப் பதிவேடோ பெயரைக் கொண்டு வேலைக்கு எல்லை இடுகிறது. இலங்கையில் அப்போதிக்கரி என்பது இருபதாம் நூற்றாண்டிலும் அரசு மருத்துவப் பணியில் ஒரு பிரிவின் பெயராக நீடித்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் மொழிபெயர்த்தது தனிக் கட்டுரைக்குரிய செய்தி. தாய்மொழிவழி மருத்துவப் பயிற்சி கல்கத்தாவோடு முடிந்துவிடவில்லை என்பதற்காக மட்டும் இங்கே சுட்டப்படுகிறது.

பணியிலிருந்துகொண்டே படித்தவர் என்ற வகையில் இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் பண்டிதர் மதுசூதன் குப்தர். சமற்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர். ஊப்பரின் உடற்கூற்றுக் கையேட்டைச் சமற்கிருதத்தில் பெயர்த்தவர். 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மனித உடலைக் கூறு செய்தவர். பள்ளிப் பாடநூல்கள் அந்நிகழ்வோடு அவரை விட்டுவிடுகின்றன. அதற்குப் பின் நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. கல்லூரியில் உடற்கூற்றுச் செய்முறை கற்பித்துக்கொண்டிருந்த குப்தர், 1840-ல் தாமே தேர்வுக்கு அமர்ந்து தகுதிச் சான்று பெற்றார். தம்மிடம் பயின்ற மாணவர் முன்னரே பெற்றுவிட்ட சான்றை ஆசிரியர் பின்னர்ப் பெறவேண்டியிருந்தது. அறிவு அவரிடம் இருந்தது. அதற்குரிய தாள் இல்லை. 1852-ன் வங்காளி வகுப்புக்கு அவர் பொறுப்பேற்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நேட்டிவ் டாக்டர் என்ற பெயர் மறைந்து 'ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட்' வந்தது. இவர்கள் பணியில் இருந்தபடியே துறைத்தேர்வுகள் எழுதி அடுத்த படிநிலைக்கு ஏறினர். இன்று தொடர் மருத்துவக் கல்வி என்று பேசப்படுவதன் முன்வடிவம் இது. சிறு மருந்தகங்களைத் தனியே நடத்தியவர்கள் இவர்களே. எலும்பு முறிவு, காலரா, பாம்புக்கடி, பிணக்கூறாய்வு அனைத்தும் இவர்கள் கைவழி சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்கள் 'சப்-அசிஸ்டன்ட் சர்ஜன்' என்ற பெயரைப் பெற்றனர். நெடுங்காலக் கோரிக்கைக்குக் கிடைத்த வெற்றி போலத் தோன்றும் இதனுள் ஒரு நுட்பம் உண்டு. அப்பெயரை முன்பு தாங்கியிருந்த கல்லூரிப் பட்டதாரிகள் அதற்கு முன்னரே 'அசிஸ்டன்ட் சர்ஜன்' என்ற பெயருக்கு ஏறிவிட்டிருந்தனர். மொழியியலில் சங்கிலிப் பெயர்ச்சி என்று ஒன்று உண்டு. ஓர் உயிரொலி தன்னிடம் விட்டு நகர, அதன் இடத்துக்கு அடுத்தது வர, ஒலிகள் எல்லாம் நகர்ந்தும் அவற்றுக்கிடையிலான தொலைவு குறையாது. இப்பதவிப்பெயர்கள் நகர்ந்ததும் அவ்வாறே.

மருத்துவப் பள்ளிகளில் மூன்று நான்கு ஆண்டுகள் பயின்று உரிமம் பெற்றவர் லைசென்ஷியேட் எனப்பட்டனர். எல்.எம்.பி. என்ற மூன்றெழுத்து தமிழ்நாட்டு ஊர்களிலும் பெயர்ப்பலகைகளில் நெடுநாள் இருந்தது. இப்பள்ளிகளை இரண்டாந்தரமானவை என்று ஒதுக்குவோர் கல்கத்தாவின் கேம்பல் மருத்துவப் பள்ளியை மறந்துவிடுகின்றனர். காலா அசார் நோய்க்கு எதிரான யூரியா ஸ்டிபமைனை உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920-களின் தொடக்கத்தில் உருவாக்கியது அங்கேதான். பட்டம் வழங்கும் தகுதியற்ற ஒரு பள்ளியின் சிற்றறையில் பிறந்த மருந்து வங்காளத்திலும் அசாமிலும் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கியதும் எல்.எம்.பி. பள்ளியே. அது 1942-ல்தான் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது.

1933-ன் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் பட்டதாரிகளுக்கான கல்வித்தரத்தை மட்டுமே வரையறுத்தது. லைசென்ஷியேட்டுகள் அதன் வட்டத்துக்கு வெளியே நின்றனர். பத்தாண்டுகள் கழித்து, 1943-ல், ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு நாட்டின் மருத்துவ ஆள்வலிமையைக் கணக்கிட்டது. 1946-ல் வெளிவந்த அறிக்கையின்படி ஏறத்தாழ 47,500 மருத்துவர்களில் 30,000 பேர் அளவுக்கு லைசென்ஷியேட்டுகள். மூவரில் இருவர் என்று கொள்ளலாம். செவிலியரோ நாடு முழுவதற்கும் 7,000 பேர்.

போர் குழுவின் பெரும்பான்மையினர் லைசென்ஷியேட் பள்ளிகளை மூடிவிட்டு ஒரே தகுதி கொண்ட 'அடிப்படை மருத்துவரை' உருவாக்கவேண்டும் என்றனர். உறுப்பினர் சிலர் மாறுபட்டனர். ஆள்பற்றாக்குறை தீரும்வரை இரு வகைப் பயிற்சியும் வேண்டும் என்பது அவர்கள் நிலை. பெரும்பான்மைக் கருத்தை மேட்டுக்குடியினரின் தன்னலம் என்று எளிதில் தள்ளிவிட இயலாது. சிற்றூர் மக்களுக்கு ஏன் தரங்குறைந்த மருத்துவர் என்ற கேள்வியில் சமத்துவ உணர்வு உண்மையாகவே இருந்தது. ஆனால் அந்த அடிப்படை மருத்துவர் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சிற்றூருக்கு வரவில்லை. சமத்துவத்தின் பெயரால் மூடப்பட்ட கதவு, மருத்துவரே இல்லாத நிலையைத்தான் பல மாவட்டங்களுக்கு விட்டுச்சென்றது.

இவ்விடத்தில் ஒரு நிகழ்வு தனித்து நிற்கிறது. பள்ளிகள் மூடப்பட்டபோது, முன்னரே பணியாற்றிக்கொண்டிருந்த லைசென்ஷியேட்டுகளுக்காகச் சுருக்கமான எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கப்பட்டது. அனுபவம் மிக்க, பலர் குடும்பஸ்தராகிவிட்ட மருத்துவர்கள் மீண்டும் கல்லூரிக்குச் சென்று, தம்மினும் இளையோருடன் அமர்ந்து, முழுப் பட்டத்துடன் வெளியேறினர். அவர்களின் முந்தைய பணியனுபவம் கல்வியாகக் கணக்கிடப்பட்டது. முடிவில் கிடைத்தது தனிப்பெயரிட்ட சான்றிதழோ வரம்பிட்ட உரிமமோ அன்று. ஏனையோர் பெற்ற அதே பட்டம். பணியிலிருந்தோரின் உயர்படிப்புக்கு இந்திய அரசு முழுப்பெயரையும் முழு உரிமையையும் தயங்காது வழங்கியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. அத்தலைமுறையோடு அது முடிந்தது. அதே ஏற்பாட்டை ஏனைய மருத்துவப் பணியாளருக்கும் நீட்டலாம் என்ற எண்ணம் எழுந்ததாகத் தெரியவில்லை.

செவிலியரின் உயர்கல்வி வேறு திசையில் போயிற்று. டெல்லியில் 1943-ல் செவிலிய நிருவாகத்துக்கெனத் தொடங்கிய பள்ளி, 1946-ல் கல்லூரியாகி இளங்கலைப் பட்டம் வழங்கியது. அமிர்த கௌரின் பெயரை இன்று தாங்கிநிற்பது அக்கல்லூரியே. அதே 1946-ல் வேலூரிலும் செவிலிய இளங்கலை தொடங்கிற்று. 1959-ல் டெல்லியில் முதுகலை வந்தது. தொடக்கப் பெயரிலேயே 'நிருவாகம்' இருந்ததைக் கருதலாம். போர்க்காலத்தில் படைமருத்துவமனைகளை நடத்த மேற்பார்வையாளர் வேண்டியிருந்தனர். பின்னர்ச் செவிலியக் கல்லூரிகள் பெருகியபோது ஆசிரியர் வேண்டியிருந்தனர். முதுகலை முடித்த செவிலியர் வார்டை விட்டு வெளியேறும் வழக்கம் இவ்வாறு உருவாயிற்று. இதய நோய், குழந்தை மருத்துவம், மனநலம் என்று சிறப்புப் பாடம் எடுத்துத் தேறியவர், தேறிய நாளிலிருந்து அந்நோயாளிகளைத் தொடுவதில்லை. அவர்களைப் பற்றி வகுப்பெடுத்தார். நோயாளியின் அருகிலிருந்தபடியே உயர்வதற்கு ஏணி இல்லை. உயர வேண்டுமாயின் படுக்கையிலிருந்து விலகவேண்டும். இந்தியச் செவிலியக் கல்வி வரலாற்றின் பெரிய இழப்பு இதுவே எனத் துணிந்து கூறலாம்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியரும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் 1965-ல் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கியது இதற்கு நேரெதிரான திசை. பிரிட்டனில் 2006-ல், தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் தம் திறன் எல்லைக்குள் ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் தாமே எழுதித்தர உரிமை பெற்றனர். 2017-ல் இங்கிலாந்து, செவிலியர், இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர், அவசர ஊர்திப் பணியாளர் அனைவருக்கும் பொதுவான உயர்நிலைச் சிகிச்சைப் பணிக்கான சட்டகம் ஒன்றை வகுத்தது. சிகிச்சை, தலைமை, கற்பித்தல், ஆய்வு என்னும் நான்கு தூண்கள் கொண்ட அதன் முதுகலையை வேலையை விடாமலேயே படிக்கலாம். கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ பயின்று அங்குச் சென்ற செவிலியர் அப்படிப்பை முடித்து மருந்து எழுதுகின்றனர். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அந்த உரிமை விமான நிலையத்திலேயே நின்றுவிடுகிறது.

இந்தியாவில் அதைத் தடுப்பது பெரும்பாலும் ஒரு சொல். மருந்து விதிகள், 1945, குறிப்பிட்ட மருந்துகளைப் 'பதிவுபெற்ற மருத்துவர்' எழுதிய சீட்டின்றி விற்கலாகாது என்கின்றன. அச்சொற்றொடருக்கு விதிகள் தரும் வரையறையே எல்லைக்கோடு. ஒருவர் என்ன கற்றார் என்பதை அது கேட்பதில்லை. எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்று மட்டும் கேட்கிறது. நெருக்கடி நேர்கையில் அரசே அக்கோட்டை மெல்லக் கடந்திருக்கிறது. பேறுகாலக் குருதிப்போக்குக்கும் வலிப்புக்கும் முதல் மருந்தைத் துணைச் செவிலியரே கொடுக்கலாம் என்று நடுவணரசு அனுமதித்தது அத்தகையது. அங்கும் அனுமதி மருந்துக்குத்தான், பதவிக்கு இல்லை.

இச்சிக்கல் செவிலியருக்கு மட்டும் உரியதன்று. மயக்கவியல் வல்லுநர் இல்லாமையால் அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் செய்ய இயலாத நிலையில், எம்.பி.பி.எஸ். முடித்துப் பணியிலிருந்த அரசு மருத்துவர்களுக்கு 18 வார மயக்கமருந்துப் பயிற்சியும், 16 வார அவசர மகப்பேற்றுப் பயிற்சியும் வகுக்கப்பட்டன. பயிற்சி உயிர்காக்கும் தன்மையது. பெயரிலேயே 'உயிர்காக்கும் திறன்' என்று இருந்தது. ஆயினும் அதை முடித்தவர் மயக்கவியல் வல்லுநர் எனத் தம்மை அழைத்துக்கொள்ள இயலாது. இதற்கு மாறாக, பணியிலிருக்கும் மருத்துவர் முறையான முதுநிலைப் பட்டம் பெறும் வழி வலுப்பெற்றது. தமிழ்நாட்டு மருத்துவ அலுவலர் சங்கத்தின் வழக்கில், பணியிலிருப்போருக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவர் இவ்வழியில் படித்துத் திரும்பும்போது பெயரும் பதவியும் உரிமையும் ஒருசேர மாறுகின்றன. அதே நிலையத்துச் செவிலியர் முதுகலை முடித்துத் திரும்பினால் மாறுவது பெரும்பாலும் அவரது சான்றிதழ்க் கோப்பின் பருமன் மட்டுமே.

புத்தாயிரத்தின் முதல் இருபது ஆண்டுகள் பெயர்மாற்றங்களின் காலம். 2002-ன் தேசிய நலக்கொள்கை லைசென்ஷியேட் என்ற சொல்லையே மீண்டும் எடுத்தது. போர் குழு மூடிய கதவை ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்துத் தட்டிப் பார்த்தது. சத்தீஸ்கர் 2001-ல் மூன்றாண்டுப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. எதிர்ப்புக் கிளம்பவே மாணவர் படித்துக்கொண்டிருக்கும்போதே பட்டயத்தின் பெயர் மாற்றப்பட்டது. மாணவர் வேலைநிறுத்தம் செய்தனர். முடித்தவர்கள் இறுதியில் 'ஊரக மருத்துவ உதவியாளர்' என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தப்பட்டனர். இந்தியப் பொதுச்சுகாதார அறக்கட்டளையைச் சார்ந்தோர் 2010-ஐ ஒட்டி அங்கு நடத்திய ஆய்வு, பொதுவான ஆரம்பநிலை நோய்களைக் கையாளும் திறனில் இவர்கள் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்குக் குறைந்தவர் அல்லர் என்று கண்டது. படிப்போ அதற்குள் நிறுத்தப்பட்டுவிட்டது.

நடுவணரசின் திட்டத்தில் நடந்த பெயர்மாற்றம் ஓர் ஆய்வு மாணவருக்கு விருந்து. 2010-ல் முன்மொழியப்பட்டது 'ஊரக மருத்துவம் மற்றும் அறுவை மருத்துவ இளநிலை'. அடுத்து அது 'ஊரக நலப்பாதுகாப்பு இளநிலை' ஆயிற்று. 2013-ல் அமைச்சரவை ஒப்புதல் பெறும்போது அது 'சமுதாய நலம்' என்னும் அறிவியல் இளநிலையாக இருந்தது. முதலில் அறுவையும் மருத்துவமும் போயின. பின்னர் பாதுகாப்பும் ஊரகமும் போயின. நோயாளி ஒருவர் முன்னால் அமர்ந்திருக்கிறார் என்ற குறிப்புக்கூட இறுதிப்பெயரில் இல்லை.

அசாமில் இது நீதிமன்றம்வரை சென்றது. 2004-ல் இயற்றிய மாநிலச் சட்டத்தின் கீழ், ஜோர்ஹாட்டில் மூன்றாண்டு ஊரக மருத்துவப் பட்டயம் கற்பிக்கப்பட்டது. இந்திய மருத்துவ சங்கம் தொடுத்த வழக்கில் குவாஹாத்தி உயர் நீதிமன்றம் 2014-ல் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. மாநில அரசு 2015-ல் புதுச் சட்டம் இயற்றி அதே ஆட்களுக்குச் சமுதாய நலப் பணியாளர் என்ற வகையில் இடமளித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் 2004-ன் சட்டம் செல்லாது, 2015-ன் சட்டம் செல்லும் என்றது. மருத்துவக் கல்வியின் தரத்தை வரையறுப்பது நடுவணரசின் வரம்பு என்பது சட்டக் காரணம், அக்காரணம் வலுவானதே. எனினும் ஊர்க்காரர் பார்வையில் நடந்தது வேறு. அதே மனிதர் அதே துணைநிலையத்தில் அமர்ந்திருந்தார். அவரது பெயர் மாறியபோது அவரது பணி சட்டத்துக்குள் வந்தது.

மருத்துவர்கள் எதிர்ப்பதைத் தொழிற்போட்டி என்று சுருக்குவது நேர்மையாகாது. 2019-ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், தன் 32-ஆம் பிரிவில் 'சமுதாய நலம் வழங்குவோர்' என்ற வகைக்கு வரம்பிட்ட உரிமம் தர வழிசெய்தது. அவர்களின் எண்ணிக்கை உரிமம் பெற்ற மருத்துவர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; ஆரம்பநிலை, தடுப்பு மருத்துவத்தில் மட்டும் குறிப்பிட்ட மருந்துகளைத் தனித்து எழுதலாம். அப்போது நாடெங்கும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். என்ன தகுதி, எவ்வளவு பயிற்சி என்பதைச் சட்டம் சொல்லாமல் விட்டதை அவர்கள் சுட்டிக்காட்டியது நியாயமான கேள்வி. பயிற்சியை வரையறுக்காமல் உரிமையை மட்டும் எழுதிய சட்டம் இது. அதுவரை நடந்ததன் தலைகீழ் வடிவம். இரண்டையும் ஒரே தாளில் எழுதும் பழக்கம் அப்போதும் வரவில்லை.

தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பின் தனித்தன்மை இப்பின்னணியில்தான் விளங்கும். சேர்வதற்குச் செவிலிய இளங்கலையும் பதிவும் பணியனுபவமும் வேண்டும். இரண்டாண்டுப் படிப்பில் வகுப்பறையைவிட வார்டுக்கே பெரும்பகுதி நேரம். உயர்நிலை உடற்பரிசோதனை, நோய்க்குறியியல், மருந்தியல் கற்பிக்கப்படுகின்றன. மூச்சுக்கருவியின் அளவுகளை மாற்றுவது, குருதியழுத்தம் சரியும்போது எதை முதலில் செய்வது, குருதி வாயு அறிக்கையைப் படித்து முடிவெடுப்பது ஆகியவை செய்து பழகப்படுகின்றன. 1959-லிருந்து படுக்கையை விட்டு வெளியே இழுத்த செவிலிய முதுகலையை மீண்டும் படுக்கைக்கே கொண்டுவந்த முயற்சி இது. முதுகலை பெற்ற செவிலியர் இரவு இரண்டு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட படிப்பு என்ற அளவில் அது வரலாற்றுத் திருப்பமே. 2017-ன் தேசிய நலக்கொள்கையும் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணிப்பிரிவை உருவாக்கவேண்டும் என்று எழுதியது.

பாடத்திட்டம் இவர்களின் அதிகாரத்தை நிறுவன நெறிமுறைகளுக்கும் நிலையாணைகளுக்கும் உட்படுத்துகிறது. அதாவது ஒரு மருத்துவமனை எழுத்துவடிவில் அனுமதித்தால் செய்யலாம். அடுத்த தெருவிலுள்ள மருத்துவமனை அனுமதிக்காவிட்டால், அதே கைகள் அதே செயலைச் செய்ய இயலாது. பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பணியில் இதற்கெனத் தனிப் பதவியோ ஊதிய நிலையோ இல்லை. விடுப்பெடுத்துப் படித்து முடித்தவர் பழைய வருகைப்பதிவேட்டில் பழைய பெயரிலேயே கையெழுத்திடுகிறார். 2018-ன் வழிகாட்டுதல்கள் அறிமுகப்படுத்திய, 18 மாதப் பயிற்சி பெறும் மகப்பேற்று நர்ஸ் பிராக்டிஷனர்களும் இக்கேள்வியின் முன்னேதான் நிற்கின்றனர். அதே ஆண்டில் தொடங்கிய நலவாழ்வு மையங்களில், ஆறு மாத இணைப்புப் பயிற்சி பெற்ற செவிலியர் 'சமுதாய நல அலுவலர்' என்ற பெயரோடு பணியமர்ந்தனர். ஒப்பிட்டால் முரண் தெரியும். ஆறு மாதம் படித்தவர்க்குப் புதுப்பெயரும் பதவியும் கிடைத்தன; இரண்டாண்டு முதுநிலை படித்தவர்க்குப் பெயர் சான்றிதழில் மட்டும் கிடைத்தது. கற்றலின் ஆழம் பெயரைத் தீர்மானிக்கவில்லை. அரசுத் திட்டம் ஒன்றில் அப்பெயருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்ததா என்பதே தீர்மானித்தது.

1947-ன் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக, தேசியச் செவிலியம் மற்றும் மகப்பேற்றுப் பணி ஆணையச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் எழுதப்படும்போது கேட்கவேண்டியது ஒன்று உண்டு. லைசென்ஷியேட்டுகளுக்கு ஒருமுறை செய்ததைப்போல, பணியனுபவத்தையும் பயிற்சியையும் உரிமையையும் ஒருசேர எழுதும் பிரிவு அவற்றில் இருக்குமா? நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலை முடித்தவர் மாநிலச் செவிலியர் பதிவேட்டில் அதைப் பதிவு செய்யலாம். பதிவாகும் இடத்தின் தலைப்பு: 'கூடுதல் தகுதி'.